பெயரொத்த கோப்புகள்

வகுப்பறையொன்றில் ஆசிரியர் இடாப்பைத் திறவாமலே, “‘சிவ’ என்று பெயர் தொடங்குவோர் எல்லாரும் எழுந்து நிற்க” என்று கூறுகிறார் எனக் கொள்க. சிவகுமாரன் எழுவான்; சிவநேசன் எழுவான்; சிவபாக்கியமும் எழுவாள். ஆசிரியர் மனத்திற் கொண்டிருந்தவர்கள் பின்வரிசையிற் குறும்பு செய்துகொண்டிருந்த இருவர் மட்டுமே. ஆயினும் அவர் வாயினின்று வந்தது பெயரின் தலைப்பகுதியாதலின், அப்பகுதியை உடையார் யாவரும் எழுந்துவிட்டனர். எழுந்த பிள்ளைகள்மீது குற்றமில்லை. கணினியிலே கோப்புகளைக் கூட்டமாக அழைக்கும் முறையும் இத்தகையதே. சொல்லியது இது, எண்ணியது அது என்ற வேறுபாடு வகுப்பறையிற் சிரிப்புடன் முடிந்துவிடும். கணினியிலோ ஒரு முறை அது முழுத் திரைப்படமொன்றை அழிக்கப் பார்த்தது. மற்றொரு முறை, இரசாயன ஆய்வுரைகள் பலவற்றின் முடிவுகளை ஐயத்துக்கு உள்ளாக்கியது.

கணினியிற் சேமித்து வைக்கப்படும் ஒவ்வோர் ஆவணமும் கோப்பு எனப்படும்; ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயருண்டு. கோப்புகள் பத்தாயின் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்துவிடலாம். ஆயிரமாயின் அஃது ஆகாத காரியம். எனவே பெயரின் ஒரு பகுதியை மட்டும் கூறி, எஞ்சியதைக் குறியொன்றாற் காட்டி, அவ்வடிவில் அமைந்த கோப்புகளையெல்லாம் ஒருங்கே அழைக்கும் வழக்கம் தோன்றியது. அவ்வடிவத்தைப் பெயர்மாதிரி எனலாம். மனிதர் இடும் கட்டளைகளை வாங்கி உரிய நிரல்களிடம் ஒப்படைக்கும் இடையாளுக்கு ஷெல் என்று பெயர். ஓடு என்பது அச்சொல்லின் பொருள். பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் ஷெல்லைக் கொண்டு அவற்றை நிறைவேற்றுவிப்பதும் உண்டு. அதுவே ஷெல் கட்டளைத்தொடர். பகல் முழுவதும் ஓர் இலிகிதர் செய்யவேண்டிய வேலையை அது கண்ணிமைக்கும் நேரத்திற் செய்து முடிக்கும். தவறு செய்யும் வேகமும் அதுவே.

இம்முறையின் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மறே ஹில் என்னுமிடத்தில் அமைந்திருந்த பெல் ஆய்வுகூடம். அங்கே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் 1969 ஆம் ஆண்டிலே தொடங்கிய பணிசெயல் முறைமைக்கு யுனிக்ஸ் என்று பெயர். அதன் முதற் கைந்நூல் 1971 நவெம்பர் 3 ஆந் திகதியிடப்பட்டது. அக்கைந்நூலிலேயே ‘குளோப்’ என்னும் சிறு நிரலொன்று இடம்பெற்றுவிட்டது. எங்குமான, முழுதுந் தழுவிய என்று பொருள்படும் ‘குளோபல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அப்பெயர். கட்டளையிலே பெயர்மாதிரி இருப்பதைக் கண்டால், ஷெல் அதனைத் தானே விரிக்காது குளோப்பிடம் அனுப்பும். குளோப் கோப்புறையைப் பார்த்து, பொருந்தும் பெயர்களைத் திரட்டி, அப்பட்டியலுடன் உரிய நிரலைத் தொடக்கிவைக்கும்.

இவ்வளவு சிறிய வேலைக்குத் தனியாள் ஒருவர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அக்காலத்துப் பொறியின் வறுமையே காரணம். அவர்கள் பயன்படுத்திய கணினியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே. அதில் 16 முறைமைக்கே போயிற்று. மற்ற நிரல்கள் அனைத்தும் எஞ்சிய 8 கிலோபைற்றுக்குள் அடங்கி வேலைசெய்யவேண்டும். ஷெல்லின் சுமையைக் குறைப்பதற்கு ஒரு பகுதியை வெளியே எடுத்து வைத்தனர். சிறு வீட்டில் அடுப்படியை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றுவது போன்ற ஏற்பாடு இது. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலே, ஸ்டீபன் போர்ன் ஆக்கிய புதிய ஷெல் அவ்வேலையைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. குளோப் என்னும் நிரல் மறைந்தது; பெயர் மட்டும் வினைச்சொல்லாக நிலைத்து, இன்றளவும் கணினியாளர் நாவில் வழங்குகிறது.

குறிகள் மூன்றே. நட்சத்திர வடிவிலான உடுக்குறி, எத்தனை எழுத்துக்கும், எழுத்தே இல்லாமைக்குங்கூட, ஈடாகும். வினாக்குறி சரியாக ஓரெழுத்துக்கு ஈடாகும். சதுர அடைப்புக்குள் சில எழுத்துக்களை இட்டால், அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு அது பொருந்தும். ‘தவணை’ என்று எழுதி உடுக்குறியிட்டால், தவணை என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தும் வந்துசேரும். ‘தரம்’ என்று எழுதி, சதுர அடைப்புக்குள் 6, சிறுகோடு, 9 என்று இட்டால், தரம்6 முதல் தரம்9 வரையிலான நான்கும் வரும். பெயர் புள்ளியிலே தொடங்குமாயின் உடுக்குறி அதனைத் தொடாது. அத்தகைய கோப்புகள் மறைவானவை என்பது மரபு.

மேற்கூறிய எடுத்துக்காட்டைக் கண்டவர், பதினோராந் தரம் வரைக்கும் வேண்டுமாயின் அடைப்புக்குள் 6, சிறுகோடு, 11 என்று எழுதலாமென எண்ணக்கூடும். அப்படி எழுதினால் வேண்டியது கிடைக்காது. சதுர அடைப்பு எண்ணை அறியாது; எழுத்துருவை மட்டுமே அறியும். 11 என்பது அதற்குப் பதினொன்றன்று, இரண்டு ஒன்றுகள். ஆறிலிருந்து பதினொன்று வரை எண்ணித் தரவேண்டுமாயின், 1989 இல் பிரயன் பொக்ஸ் வெளியிட்ட பாஷ் என்னும் ஷெல்லின் இக்காலப் பதிப்புகளில் நெளியடைப்பு என்னும் வேறொரு வசதி உண்டு. ஆனால் நெளியடைப்பு கோப்புறையை எட்டியும் பார்ப்பதில்லை. தரம்8 என்னும் கோப்பு இல்லாவிட்டாலும் அப்பெயரை அது ஆக்கிக் கொடுக்கும். முன்னையது இருப்பவருள் தெரிவு செய்வது. பின்னையது அழைப்பிதழ் எழுதுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்படுவோர் பலர்.

எழுத்து என்னும் சொல் இங்கே தமிழருக்குச் சிறப்பான ஒரு சிக்கலைத் தருகிறது. கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆனால் யுனிகோட்டு முறையில் ‘மணி’ என்பது இரண்டெழுத்தன்று. மகரம் ஒன்று, ணகரம் ஒன்று, இகரத்தின் குறி ஒன்று ஆக மூன்று குறியீடுகள். எனவே இரண்டு வினாக்குறிகளால் ‘மணி’ அகப்படாது, மூன்று வேண்டும். தமிழெழுத்தை அறியாத அமைவிலே ஷெல் இயங்குமாயின், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைற்றாக ஒன்பது வினாக்குறிகள் தேவைப்படும். நன்னூல் கற்ற ஒருவர் இதனை ஏற்றுக்கொள்வது கடினமே.

இன்னும் விந்தையானது உடுக்குறியின் செயல். பாடசாலைக் கந்தோரொன்றின் கணினியிலே கணக்குக் கோப்புகளை மட்டும் வேறிடத்துக்கு மாற்றவேண்டி, ‘கண’ என்று எழுதி உடுக்குறியிட்டால், ‘கணக்கு’ என்று தொடங்குவன வரும். ‘கணிதம்’ என்று தொடங்குவனவும் வரும். ‘கண்காட்சி’ என்று தொடங்குவனவுங்கூட வரும். கண்ணாற் படிப்பவர்க்கு ‘கணி’யும் ‘கண்’ணும் ‘கண’ அல்ல. குறியீடுகளை எண்ணும் ஷெல்லுக்கோ மூன்றுக்கும் முதலிரண்டு குறியீடுகளும் ஒன்றே; இகரக் குறியும் புள்ளியும் மூன்றாவதாக வந்து சேர்பவை. வகுப்பறையில் ‘சிவ’ என்று அழைத்தபோது, ‘சிவிகை’யும் எழுந்து நின்றதற்கு ஒப்பானது இது. ‘கணக்கு’ என்று முழுச் சொல்லையும் எழுதிய பின்னரே உடுக்குறி இடுவது நன்று.

பெயர்மாதிரியை விரிப்பவர் யார் என்பதே இவ்விடயம் முழுவதற்கும் அச்சாணி. விரிப்பது ஷெல், கட்டளையை நிறைவேற்றும் நிரலன்று. அழிக்கும் நிரலுக்கு உடுக்குறி கண்ணிற் படுவதேயில்லை. ஷெல் திரட்டிக் கொடுத்த பெயர்ப்பட்டியல் மட்டுமே அதன் கைக்குச் செல்லும். பட்டியலில் உள்ள பெயர்களை ஒருவர் தனித்தனியே தட்டச்சுச் செய்தாரா, ஒரே ஓர் உடுக்குறியை இட்டாரா என்று அறிய அதற்கு வழியில்லை. ஆதலின் “இவ்வளவு கோப்புகளையுமா?” என்று அது கேட்பதில்லை. பிற்காலத்து ஷெல்கள் சில, அழிக்கும் கட்டளையோடு தனி உடுக்குறி வருவதைக் கண்டு, “உறுதிதானா?” என்று வினவும். எல்லா ஷெல்லும் அவ்வாறு செய்யா.

ஓர் இடைவெளி செய்யும் கேட்டை இதனின்று உணரலாம். ‘பழையது’ என்று முடியும் கோப்புகளை அழிக்க விரும்பிய ஒருவர், உடுக்குறியையும் ‘பழையது’ என்பதையும் ஒட்டி எழுதவேண்டும். விரல் தவறி இடையிலே ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டால், ஷெல் இரண்டு சொற்களைக் காணும். முதலாவது தனித்து நிற்கும் உடுக்குறி. அது கோப்புறையிலுள்ள அனைத்தையும் குறிக்கும். இரண்டாவது ‘பழையது’ என்னும் தனிப்பெயர். எல்லாவற்றையும் அழித்து முடித்த பின்னர், “பழையது என்று ஒரு கோப்பும் இல்லையே” என்று அந்நிரல் முறையிடும். அதுவே அவருக்கு வரும் முதற் செய்தி.

1998 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நிகழ்ந்தது இடைவெளியால் வந்ததன்று. உடுக்குறியை நிற்கக்கூடாத இடத்தில் நின்று இட்டதால் வந்தது. பிக்சார் என்னும் கணினிச் சித்திர நிறுவனம் அப்போது ‘டோய் ஸ்டோரி’ படத்தின் இரண்டாம் பாகத்தை ஆக்கிக்கொண்டிருந்தது. படத்தின் பாத்திரங்கள், காட்சிகள், ஒளியமைப்பு யாவும் கோப்புகளாகவே இருந்தன. யாரோ ஒருவர், உட்கோப்புறைகளையும் சேர்த்து, வினவாமல் அழிக்கும் கட்டளையை, உடுக்குறியுடன், அப்படத்தின் கோப்புகள் கிடந்த இடத்திலேயே இட்டுவிட்டார். ஒரேன் ஜேக்கப் என்னும் தொழில்நுட்பவியலாளரும் உடனிருந்தோரும், வூடி என்னும் கதைநாயகனுக்குரிய கோப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவதைத் திரையிலே கண்டனர். பொறியின் இணைப்பைப் பிடுங்குமாறு தொலைபேசியிற் கூவினர். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப்பிரதியை எடுத்துப் பார்த்தபோது அதுவும் பழுதாயிருந்தது. கலின் சுஸ்மன் என்னும் அம்மையார், மகவைப் பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்தே பணியாற்றியவர். அவர் வீட்டுக் கணினியிலே படத்தின் பிரதியொன்று இருந்தது. அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றி, மோட்டார் வண்டியிலேற்றி, மெல்ல மெல்ல நிறுவனத்துக்குக் கொண்டு சேர்த்தனர். படம் 1999 இல் வெளிவந்தது. பின்னர் கதை திருப்தி தராமையால் அதன் பெரும்பகுதியை அவர்களே திரும்ப ஆக்கினார்கள் என்பது வேறு கதை.

அழிப்பதற்கு முன் பார்த்துக்கொள்வதற்கு எளிய வழியொன்றுண்டு. அழிக்கும் கட்டளையின் இடத்தில் ‘எக்கோ’ என்னும் கட்டளையை வைத்து, அதே பெயர்மாதிரியை இடுவது. எதிரொலி என்பது அப்பெயரின் பொருள். தன்னிடம் வந்த சொற்களை அப்படியே திரையிற் சொல்வதைத் தவிர அதற்கு வேறு தொழில் இல்லை. அழிக்கும் நிரலுக்குச் செல்லவிருந்த பட்டியலை ஷெல் எதிரொலிக்குக் கொடுக்க, இட்டவர் தம் கண்ணாலேயே அதனைக் காணலாம். ‘கண்காட்சி’ அதில் நின்றால் அப்போது தெரிந்துவிடும்.

பெயர்மாதிரிக்கு ஒன்றும் பொருந்தாதபோது என்ன நிகழும்? பழைய குளோப், பொருந்துவது இல்லை என்று கூறிக் கட்டளையையே நிறுத்திவிடும். பேர்க்லியிலே பில் ஜோய் ஆக்கிய சீ ஷெல்லும் அவ்வாறே. போர்னின் ஷெல்லோ, அதன் வழிவந்த பாஷும், ஒன்றும் பொருந்தாதாயின் உடுக்குறியை உடுக்குறியாகவே நிரலிடம் கொடுத்துவிடும். கட்டளைத்தொடர் ஒன்று, இல்லாத கோப்புகளுக்காக ஒரு முறை சுற்றி, உடுக்குறியையே பெயராகக் கொண்ட வெற்றுக் கோப்பொன்றைப் படைத்துவிட்டுப் போவது இதனாலேதான். ஏன் இவ்வாறு அமைத்தனர் என்பதற்குக் காரணம் காட்டுவோர் உளர். எனினும் பழைய குளோப்பின் வழியே நேர்மையானது. பாஷில், வேண்டுவோர் அவ்வழியைத் தெரிவு செய்துகொள்ளலாம். பொருந்தாத பெயர்மாதிரி வெறுமையாகிவிடுமாறும் செய்யலாம்.

இதுவரை கூறியது ஒரு கூட்டத்தை அழைப்பது பற்றி. இரண்டு கூட்டங்களை அழைத்து, ஒவ்வொருவருக்கும் துணையைச் சேர்த்துவைக்கும்போதுதான் நுட்பமான இடர் தோன்றுகிறது.

ஒரு பரீட்சையிலே நூறு பிள்ளைகள். ஒரு கட்டிலே விடைத்தாள்கள். மற்றக் கட்டிலே புள்ளிச் சீட்டுகள். இரண்டு கட்டுகளையும் அருகருகே வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இணைத்துக்கொண்டே போகிறார் ஒருவர். இரண்டும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும்வரை பிழையில்லை. ஆனால் ஏழாவது பிள்ளையின் புள்ளிச் சீட்டுத் தவறிவிட்டால், எட்டாவது பிள்ளையின் புள்ளி ஏழாவது பிள்ளைக்குச் சேரும். அதன்பின் கட்டு முடியும்வரை எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். யாரோ ஒருவர் கட்டைக் கீழே போட்டுத் திரும்ப அடுக்கியிருந்தாலோ, குழப்பத்துக்கு எல்லையில்லை. வெளிப்பார்வைக்கு ஒவ்வொரு விடைத்தாளோடும் ஒரு சீட்டு இணைந்தேயிருக்கும். பிழையின் அடையாளம் ஒன்றும் தெரியாது.

இதுவே 2019 இல் ஹவாயிலே வெளிப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தில் பிலிப் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியரின் மாணவரான பந்தாரி நியூபானே, நீலப்பசும் பாசியொன்றிலிருந்து பெற்ற சேர்வைகளின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அணுக்கருக் காந்தப் பரிவு என்னும் முறையால் அளந்த எண்களை, கணக்கிட்டுப் பெற்ற எண்களோடு ஒப்பிடவேண்டும். அக்கணக்குக்கென மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக் வில்லபி, மத்தியூ ஜான்ஸ்மா, தோமஸ் ஹோய் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட நிரற்றொடர்கள் இருந்தன. அவை ஷெல்லில் எழுதப்பட்டவையல்ல. பைதன் என்னும் மொழியில் எழுதப்பட்டவை. எனினும் அம்மொழியும் குளோப் என்ற பெயரிலேயே ஒரு கருவியை வைத்திருக்கிறது. அதே உடுக்குறி, அதே வினாக்குறி, அதே சதுர அடைப்பு.

கரைசலில் உள்ள ஒரு மூலக்கூறு ஒரே நிலையில் நிற்பதில்லை. வளைந்தும் முறுகியும் பல நிலைகளை எடுக்கும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று அந்நிலையின் காந்தப் பரிவைக் கூறும். மற்றது அந்நிலையின் ஆற்றலைக் கூறும். ஆற்றல் குறைந்த நிலையில் மூலக்கூறுகள் மிகுதியாயிருக்குமாதலின், அதன் பரிவுக்கு மிகுந்த நிறை கொடுத்துச் சராசரி காணவேண்டும். நிரற்றொடர் பரிவுக் கோப்புகளை ஒரு வரிசையாகவும் ஆற்றற் கோப்புகளை ஒரு வரிசையாகவும் எடுத்தது. பின்னர் முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்தது. இரு வரிசைகளும் ஒரே ஒழுங்கில் இருக்குமென்பது அதன் நம்பிக்கை. விடைத்தாளும் புள்ளிச் சீட்டும் போலவே.

அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஷெல் விரிக்கும் பட்டியல் எப்போதும் அகரவரிசைப்படி வரும், அது விதி. பைதனின் குளோப் அவ்வாறு வாக்களிக்கவில்லை. வட்டிலுள்ள கோப்புமுறைமை எந்த ஒழுங்கிற் பெயர்களைக் கொடுக்கிறதோ அவ்வொழுங்கிலேயே அது கொடுத்துவிடும். விண்டோஸ் கணினிகளிற் பெரும்பாலும் வழங்கும் கோப்புமுறைமை பெயர்களை வரிசைப்படுத்தியே வைத்திருப்பது. அப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறைமையும் அத்தகையதே. லினக்ஸிற் பெரிதும் வழங்குவது அவ்வாறன்று. அப்பிள் நிறுவனம் 2017 இற் புகுத்திய புதியதும் அவ்வாறன்று. ஆகவே ஒரே நிரற்றொடரை, ஒரே கோப்புகளோடு, விண்டோஸ் 10 இலும் மவெரிக்ஸ் என்னும் பழைய அப்பிள் முறைமையிலும் ஓட்டியபோது 173.2 என்ற சரியான எண் கிடைத்தது; மொஹாவி என்னும் புதிய அப்பிள் முறைமையில் 172.7 வந்தது, உபுண்டு என்னும் லினக்ஸ் முறைமையில் 172.4 வந்தது. வேறுபாடு ஒரு வீதத்துக்கும் குறைவு. ஆனால் இத்துறையில் ஒரு மூலக்கூறு இதுவா அதுவா என்று தீர்மானிப்பதே அத்தகைய சிறு வேறுபாடுகளைக் கொண்டுதான்.

நிரல் நின்றுபோயிருந்தால் உடனே கண்டிருப்பர். அது நிற்கவில்லை, எச்சரிக்கையும் தரவில்லை, நம்பத்தகுந்ததோர் எண்ணைக் கொடுத்துக்கொண்டேயிருந்தது. அந்நிரற்றொடர்களைச் சான்றாகக் காட்டிய ஆய்வுரைகள் 150 க்கு மேற்பட்டவை என்று அப்போது கணக்கிடப்பட்டது. அவற்றுள் எவை பிழைபட்டன, எவை தப்பின என்று உரைகளைப் படித்து மட்டும் சொல்லவும் இயலாது. எந்தப் பணிசெயல் முறைமையிற் கணக்கிடப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் எழுதிவைப்பது அரிது. எழுதவேண்டுமென்று யாருக்குத் தோன்றியிருக்கும்? கூட்டல் கழித்தல் எந்த மேசையிற் செய்தாலும் ஒன்றுதானே என்பது நியாயமான எண்ணமே.

ஹவாய் ஆய்வாளர்கள் செய்த திருத்தம் மிகச் சிறியது: பட்டியலைப் பெற்றதும் அதனை வரிசைப்படுத்துக என்னும் கட்டளையை நிரற்றொடரிற் சேர்த்தனர். அது போதுமானதே. எனினும் வரிசைப்படுத்துதல் கட்டைக் கீழே போட்டவரின் குழப்பத்தைத் தீர்க்குமேயன்றி, ஏழாவது சீட்டுத் தவறிய குழப்பத்தைத் தீர்க்காது. வரிசைப்படுத்துவதிலும் ஒரு சிறு பொறி உண்டு. அகரவரிசையில் 1 ஐ அடுத்து வருவது 2 அன்று. 10, அதன்பின் 11. எழுத்துருவைப் பார்த்து அடுக்குவதால் வரும் விளைவு இது. 01, 02 என்று முன்னே சுழியமிட்டுப் பெயர் வைப்போர் இத்தொல்லையினின்று தப்புவர்.

பரீட்சைக் கட்டுகளை இணைப்பதற்குப் பழகிய இலிகிதர் எவரும் இடத்தைப் பார்த்து இணைப்பதில்லை. சுட்டெண்ணைப் பார்த்தே இணைப்பார். கட்டளைத்தொடரிலும் அதனையே செய்யலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கோப்புகள்: ‘1001-விடை’, ‘1001-புள்ளி’, அவ்வாறே ‘1002-விடை’, ‘1002-புள்ளி’. இங்கே சுட்டெண்ணே குடும்பப் பெயர். இரண்டு கூட்டங்களையும் அழைக்கவேண்டியதில்லை. உடுக்குறியோடு ‘-விடை’ என்பதைச் சேர்த்து விடைக் கோப்புகளை மட்டும் அழைத்து, ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். எடுத்த பெயரின் வாலாகிய ‘-விடை’யைக் கத்தரித்துவிட்டால் 1001 என்னும் தண்டு எஞ்சும். அத்தண்டோடு ‘-புள்ளி’யை ஒட்டினால் துணையின் பெயர் கிடைத்துவிடும். வாலைக் கத்தரிக்கும் வசதி, டேவிட் கோர்ன் பெல் ஆய்வுகூடத்திலே ஆக்கிய ஷெல்லில் தோன்றிப் பின்னர் பொதுநியமத்தில் இடம்பெற்றது. மாறியின் பெயரையும் வாலையும் நெளியடைப்புக்குள் இட்டு, இடையே வீதக்குறி ஒன்றை வைத்தால் போதும்.

அவ்வாறு எடுத்த பெயரைக் கட்டளையிற் பயன்படுத்தும்போதெல்லாம் இரட்டை மேற்கோளுக்குள் வைப்பது அவசியம். இல்லையேல், பெயரின் நடுவே வெற்றிடம் உள்ள கோப்பு இரண்டு கோப்புகளாகத் தோன்றி, முன் கூறிய இடைவெளிக் கேடு வேறு வாயிலால் உள்ளே வந்துவிடும். சிறுகோட்டிலே தொடங்கும் பெயரும் ஆபத்தானது. நிரல்கள் அதனைப் பெயரென்று கொள்ளாது கட்டளையின் விருப்பத்தேர்வென்று கொள்ளும். பெயர்மாதிரியின் முன்னே ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டால், இந்தக் கோப்புறையிலுள்ளது என்று பொருள்பட்டு, அவ்வாபத்து நீங்கும்.

துணையின் பெயரை ஆக்கியவுடன் அப்பெயரில் ஒரு கோப்பு உண்மையிலேயே உள்ளதா என்று ஷெல்லிடம் கேட்கலாம். ஒரு வரியில் அடங்கும் கேள்வி அது. உண்டெனில் இரண்டையும் இணைத்து மேலே செல்லும். இல்லையெனில், அடுத்தவரின் சீட்டை இழுத்து இவருக்கு ஒட்டாமல், “1007-புள்ளி இல்லை” என்று திரையில் எழுதிவிட்டு 1008 க்குச் செல்லும். எட்டாவது பிள்ளையின் புள்ளி எட்டாவது பிள்ளைக்கே சேரும். இலிகிதரும் அந்த ஒரு வரியைக் கையிலெடுத்துக்கொண்டு, ஏழாவது பிள்ளையின் சீட்டைத் தேடி அலுமாரியைத் திறக்கலாம்.